ஆவரம்பாடி நாற்சந்தி

ஆவரம்பாடி நகராட்சித் தலைவர் மாசிலாமணி தலைநகரத்திலிருந்து திரும்பியதும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே அறவாழி அடிகளின் மடத்துக்கு வந்தார்.

அடிகள் அவரைவிட இருபது வயது இளையவர். இருந்தாலும் மனசு கலங்கினால் மாசிலாமணி தேடி வருகிற இடம் அதுதான்.

"இந்தத் தடவையும் கையை விரிச்சுட்டாங்க சாமி" என்றார்.

"என்ன கேட்டீங்க?"

"நம்ம நாற்சந்திக்குத்தான். ரெண்டு ரோடு நகராட்சியோடது, ரெண்டு ரோடு அரசாங்கத்தோடது. சிக்னல் வேணும், திருப்பத்தை அகலப்படுத்தணும். நகராட்சிகிட்ட அவ்வளவு பணம் ஏது? அரசாங்கம் கை கொடுத்தாத்தான் முடியும்."

"கேட்டீங்களா, சண்டை போட்டீங்களா?"

மாசிலாமணி கொஞ்சம் தயங்கினார். "உங்க லாரி ரோட்டுலதான் எங்க ஜனங்க சாகுறாங்கன்னு சொன்னேன். நெடுஞ்சாலைத் துறைச் செயலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கலை. முனையெல்லாம் உங்க ஆக்கிரமிப்பு, முதல்ல அதைப் பாருங்கன்னுட்டார்."

போன ஐப்பசியில் அந்தச் சந்தியில் லாரியில் அடிபட்டு ஒரு பையன் செத்துப்போனான். பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் செண்பகவல்லியின் ஒரே மகன். சைக்கிளில் டியூஷனுக்குப் போனவன். அன்றிலிருந்து லீவு கிடைக்கும்போதெல்லாம் செண்பகவல்லி நகராட்சி வாசலில் வந்து நின்றாள். "எப்பய்யா சரி பண்ணுவீங்க?" என்று மட்டும் கேட்பாள். சத்தம் போட மாட்டாள். அதுதான் மாசிலாமணியை அதிகம் உலுக்கியது.

"அந்த அதிகாரிங்க மனசை எப்படி மாத்துறது சாமி?"

அடிகள் எழுந்தார். "வண்டி இருக்கா? அந்த இடத்தைப் பார்த்துட்டு வருவோம்."

நாற்சந்தியை நெருங்கும்போதே நெரிசல். திரும்ப முயன்ற டவுன் பஸ்ஸும் எதிரே வந்த மணல் லாரியும் மூக்கோடு மூக்கு முட்டாத குறையாக நின்றன. பஸ்ஸை ஒட்டினாற்போல் பின்னால் மாசிலாமணியின் கார். நாலு பக்கமும் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது.

மாசிலாமணி இறங்கிப் போய் லாரியைத் தட்டினார். "எடுய்யா பின்னால!"

"எனக்குப் பின்னால வரிசை கட்டி நிக்குது. பஸ்ஸை எடுக்கச் சொல்லுங்க" என்றார் லாரி டிரைவர்.

பஸ் டிரைவரிடம் போனார். அவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"நான் எடுக்கத் தயார்தான் தலைவரே. பின்னால உங்க கார் நிக்குதே."

மாசிலாமணி திரும்பி வந்தார். அடிகள் காருக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தார். 

தன் கார் டிரைவரை இறங்கச் சொல்லிவிட்டு மாசிலாமணியே காரைப் பின்னால் எடுத்தார். பஸ் பின்வாங்கியது. லாரி உறுமிக்கொண்டு கடந்து போனது. கொஞ்ச நேரத்தில் சந்தி காலியாகிவிட்டது.

கார் இப்போது அலங்கார வளைவுக்கு அடியில் நின்றது. மாசிலாமணியின் அப்பா பெயரைத் தாங்கிய வளைவு. மாசிலாமணியே முன்னின்று கட்டியது.

"இங்கேருந்து பார்த்தா அடுத்த லாரி வருதா?" என்று கேட்டார் அடிகள்.

மாசிலாமணி கழுத்தை வளைத்துப் பார்த்தார். "தெரியலை சாமி. தூண் மறைக்குது."

சொன்ன பிறகுதான் தன் சொல்லே அவர் காதில் விழுந்தது. அன்றைக்கு இதே ரோட்டில் சைக்கிளில் வந்தவனுக்கும் இங்கிருந்து லாரி தெரிந்திருக்காது. ஸ்டியரிங்கின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். அடிகள் கதவைத் திறந்து இறங்கி, மடத்துக்கு நடந்தே போய்விட்டார்.

வளைவை இடிக்கப் போகிறார் என்று தெரிந்ததும் மாசிலாமணியின் தம்பி வீட்டுக்கே வந்து கத்தினான். "அப்பா பேரை நீயே உடைக்கிறியா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும்டா. அவர் பேரு ஒரு புள்ளையை மறைச்சுது. அவரு இருந்தா அவரே கடப்பாரையைத் தூக்கியிருப்பாரு."

தம்பி பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டான். வளைவை இடித்தார்கள். முனையில் துருத்திக்கொண்டிருந்த நகராட்சிக் கடைகளும் எடுக்கப்பட்டன. கடைக்காரர்களுக்கு மார்க்கெட்டில் வேறு இடம் கிடைத்தது.

மாசிலாமணி மறுபடி தலைநகரத்துக்குப் போனார். இந்த முறை குரலை உயர்த்தவில்லை.

"எங்களால ஆனதை முடிச்சுட்டோம் ஐயா. எங்க அப்பா பேர்ல இருந்த வளைவை எடுத்துட்டோம், முனை இடத்தையும் விட்டுக் கொடுத்துட்டோம். இதுக்கு மேல எங்க சக்திக்கு மீறினது. நீங்க ஒரு தடவை நேர்ல வந்து பார்க்கணும்."

செயலாளர் நிமிர்ந்தார். "வளைவையா எடுத்தீங்க? உங்க அப்பா வளைவையா?"

"ஆமாங்க."

அடுத்த வாரம் செயலாளரே வந்தார். சந்தியில் வெயிலில் நின்றார். தங்கள் ரோட்டுச் சரிவும் தப்புதான் என்று அவர் வாயாலேயே சொன்னார். செலவில் பாதியை அரசு ஏற்றது. தை பிறந்ததும் வேலை தொடங்கிவிட்டது. திருப்பம் அகலமானது, நடப்பவர்களுக்குத் தனிப் பாதை வந்தது, சிக்னல் எரிந்தது.

சிக்னல் எரிந்த மறுநாள் மாசிலாமணி மடத்துக்கு வந்தார். முகத்தில் களையில்லை.

"ஊரே சந்தோஷமா இருக்கு சாமி. நேத்து செண்பகவல்லி வந்தா. சிக்னலையே பார்த்துக்கிட்டு நின்னா. அப்புறம், 'இப்ப முடிஞ்சது போன வருசம் ஏன்யா முடியலை?'ன்னு கேட்டா. அவளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அடிகள் அவரை உட்காரச் சொன்னார்.

"ஊருல இந்த மாதிரி இன்னும் சந்திப்பு இருக்கா?"

"ரெண்டு இருக்கு. ரயில்வே கேட் முனை, ஆஸ்பத்திரி முனை."

"அதைப் பார்க்கப் போகும்போது அந்த அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போங்க."

"அவங்க வருவாங்களா சாமி?"

"இத்தனை நாள் அவங்க உங்க வாசல்ல வந்து கேட்டாங்க. இப்ப நீங்க அவங்க வாசல்ல போய்க் கேளுங்க."