மன்னிக்கப்பட்ட சுவர்

தாமிரபரணிக் கரையில் இருந்த ஒரு சிறிய மடத்துக்கு வடிவம்மை குருவாக இருந்தார். அவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. சீடர்களில் மூத்தவர் தில்லைவனம். பாத்திரக்கடைக்காரர், அறுபதைத் தாண்டியவர், முன்கோபத்துக்குப் பேர்போனவர்.

ஒரு மழைநாள் காலையில் அவர் முகம் மலர வந்தார்.

"அம்மா, நான் கோபத்தை ஜெயிச்சிட்டேன்."

"எப்படி?"

"எங்க வீட்டுப் பின்கட்டுச் சுவர் தாத்தா காலத்துச் செங்கல். சுண்ணாம்புக் காரையில கட்டினது. அதுல உப்புப் பூத்து உதிர ஆரம்பிச்சுது. குமரேசன்னு ஒரு காண்ட்ராக்டர்கிட்ட விட்டேன். மேல சிமென்ட் பூசி, பெயிண்ட் அடிச்சு, பளபளன்னு கொடுத்தான். இந்த மழையில பூச்சு பாளம் பாளமா விழுது. செங்கல்லும் சேர்ந்து பேர்ந்து வருது. போன் பண்ணினா, பழைய சுவர்னா அப்படித்தான்னு சொல்லிட்டு வச்சிட்டான்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"முந்தின தில்லைவனமா இருந்தா அவன் சட்டையைப் பிடிச்சிருப்பேன். கண்ணை மூடி உட்கார்ந்தேன். மன்னிச்சிட்டேன். மனசு தெளிஞ்சு கிடக்கு."

மற்றச் சீடர்கள் அவரை வியப்போடு பார்த்தார்கள். வடிவம்மை கேட்டார்:

"அந்தச் சுவரை ஒட்டி யார் இருக்கா?"

"வாடகைக்கு இருக்காங்க. சபுரா பீவின்னு தையல்காரம்மா. அவங்க மாமனார் பக்கவாதம் வந்து படுத்திருக்கார்."

"அவங்களும் மன்னிச்சுட்டாங்களா?"

"அவங்ககிட்ட கேட்கலை."

குரு எழுந்து குடையை எடுத்துக்கொண்டார்.

தில்லைவனத்தின் வீட்டுப் பின்கட்டு அறையில் தையல் மிஷின் நடுவில் கிடந்தது. மாமனாரின் கட்டிலை வாசற்படி வரைக்கும் இழுத்துப் போட்டிருந்தார்கள். அதற்குமேல் இழுக்க இடமில்லை. பெரியவர் கண் மூடாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் நடுவில் புடைத்திருந்தது.

"மாமா தூங்கியே பல நாளாச்சும்மா," என்றார் சபுரா பீவி. "சின்னதா ஒண்ணு உதிர்ந்தாலும் விழிச்சுக்கிடுறாங்க. எழுந்து ஓட முடியாதுல்ல. ஐயாகிட்ட சொன்னேன். பொறுமையா இரும்மா, பொறுமைதான் பெரிசுன்னாங்க."

வடிவம்மை சுவரில் கை வைத்தார். விரலோடு ஈரச் செங்கல்மண் வந்தது.

"மாடியில குழாயைத் திறந்து விடுங்க," என்றார்.

தில்லைவனம் திறந்துவிட்டு இறங்கி வந்தார். புடைப்பின் விரிசலில் தண்ணீர் கசிந்து ஒழுகியது. மாடித் தண்ணீர் இறங்கும் பைப் சுவருக்குள்ளே உடைந்திருந்தது. உடைசலைத் தொடாமலே அதன்மேல் பூசிவிட்டுப் போயிருந்தான் குமரேசன்.

"வேலையைக் கொடுக்கறதுக்கு முன்னாடி, தண்ணி எங்கேயிருந்து வருதுன்னு அவன்கிட்ட கேட்டீங்களா?"

"இல்லை."

"அவன் பூசின வேற சுவர் மழைக்கு அப்புறம் எப்படி நிக்குதுன்னு போய்ப் பார்த்தீங்களா?"

"சீக்கிரமா முடிச்சுத் தரேன்னான்..."

வடிவம்மையின் குரல் அவ்வளவு உயர்ந்து தில்லைவனம் கேட்டதே இல்லை.

"உங்க தலையில விழுறதை நீங்க மன்னிங்க. இவர் தலையில விழப்போறதை மன்னிக்க நீங்க யாரு? அமைதியா இருக்கணுமா? இந்தக் கட்டில்ல படுத்து அமைதியா இருங்க, பார்க்கலாம்!"

தில்லைவனம் கட்டிலைப் பார்த்தார். புடைத்த சுவரைப் பார்த்தார்.

பெரியவரைக் கைத்தாங்கலாகத் தூக்கினார். முன்கூடத்தில், தான் தியானத்துக்கு உட்காரும் இடத்தில் படுக்க வைத்தார். சபுரா பீவி மிஷினைக் கொண்டுவந்தார். அதன்பின் தில்லைவனம் மழையிலேயே வெளியே போனார்.

அடுத்த தெருவில் குமரேசன் இன்னொரு பழைய வீட்டில் சிமென்ட் குழைக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். அங்கேயும் சுவர் நனைந்திருந்தது.

"நிறுத்துடா!"

தெருவே திரும்பிப் பார்த்தது.

"முதலாளி, ஊரைக் கூட்டாதீங்க. உங்க சுவரை வந்து சரிபண்ணிடுதேன்."

"அந்தக் கிழவர் மேல விழுந்திருந்தா எதைச் சரிபண்ணுவே? உடைஞ்ச பைப்பு உன் கண்ணுக்குத் தெரியலையா?"

குமரேசன் தரையைப் பார்த்தான். "தெரிஞ்சுது. பைப்பை மாத்தணும்னா சுவரை உடைக்கணும், நாளாகும்னு..."

"கேட்டீங்களாம்மா?" என்று அந்த வீட்டுக்காரப் பெண்ணிடம் திரும்பினார் தில்லைவனம். "என் வீட்டுக்கு வாங்க. இவன் வேலையைக் காட்டுறேன். அதைப் பார்த்துட்டு அப்புறம் பூசச் சொல்லுங்க."

அந்தப் பெண் போய்ப் பார்த்தார். அன்றே வேலையை நிறுத்தினார்.

குமரேசனைக் கொண்டே சிமென்ட் முழுவதையும் உரித்தெடுக்க வைத்தார் தில்லைவனம். அவன் உளி செங்கல்லைக் குத்தும்போதெல்லாம் பக்கத்தில் நின்று அதட்டினார். மேற்கொண்டு வேலைக்கு அவனை விடவில்லை. ஊரில் பல மழை கண்டும் நிற்கும் பூச்சுகளைத் தேடிப் பார்த்து, அவற்றைப் பூசிய கொத்தனாரை அழைத்து வந்தார். கொத்தனார் பைப்பை மாற்றினார், மக்கிய செங்கல்லை எடுத்துவிட்டு வேறு வைத்தார், சுவர் நன்றாகக் காயட்டும், கோடையில் சுண்ணாம்பு பூசலாம் என்றார். அதுவரை பின்கட்டுக்காரர்கள் முன்கூடத்திலேயே இருந்தார்கள்.

ஒருநாள் பிற்பகல் வடிவம்மை சுவரைப் பார்க்க வந்தார். பூச்சில்லாத செங்கல் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. பார்த்துவிட்டு முன்கூடத்துக்கு வந்து அமர்ந்தார்.

தில்லைவனத்துக்குத் துக்கம் பொங்கியது.

"அம்மா, கோபத்தை ஜெயிச்சிட்டேன்னு உங்க முன்னாடி சொன்னேன். இப்ப பாருங்க. தெருவுல நின்னு கத்தினேன். பக்கத்துல நின்னு குமரேசனை அதட்டினேன். ராத்திரி படுத்தாலும் அவன் முகம்தான் வருது. இத்தனை வருஷம் உங்ககிட்ட கத்துக்கிட்டது எல்லாம் போச்சா? நான் பழைய தில்லைவனமாவே ஆயிட்டேனா?"

பேசப் பேச அவர் குரல் கூடம் முழுக்க எதிரொலித்தது.

வடிவம்மை மூலையைக் காட்டினார். சபுரா பீவியின் மாமனார் வாய் லேசாகத் திறந்திருக்க, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க அமைதியா இருந்த நாளெல்லாம் அவர் தூங்கலை," என்றார் குரு. "இப்பத் தூங்குறார். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."