நாலு ஸ்பீக்கரும் ரெண்டு காதும்

மில் முதலாளி காளியண்ணன் காரில் ஏறினாலே போன் புளூடூத்தில் சேர்ந்துகொள்ளும். பேச்செல்லாம் நாலு ஸ்பீக்கரிலும் முழங்கும். "நான் பேசுறதுல ஒரு வார்த்தை உன் காதுல விழுந்தாலும் சீட்டைக் கிழிச்சிருவேன்" என்று டிரைவர் நாச்சிமுத்துவை மிரட்டி வைத்திருந்தார்.

மகனுடைய நிச்சயதார்த்தத்தன்று சேலம் போகும் வழியில், பவானிக்கு வெகு முன்னாலேயே, கார் பெருந்துறை பஜ்ஜிக் கடையோரம் நின்றது. சேலத்திலிருந்து சம்பந்தி அழைத்தார்.

"பவானி தாண்டிட்டமுங்க!" என்றார் முதலாளி, வாயில் பஜ்ஜியோடு.

"அரை மணி முன்னாடியும் இதையேதானுங்க சொன்னீங்க. டிரைவர் தம்பி, வண்டி எங்க இருக்குதுன்னு நீங்க சொல்லுங்க."

முதலாளி கண்ணை உருட்டினார். நாச்சிமுத்து பணிவாகத் திரும்பினான்.

"முதலாளி, சம்பந்தி ஐயா கேட்டது என் காதுல விழலாமுங்களா?"

நாலு ஸ்பீக்கரிலும் சிரிப்பு வெடித்தது. "வேண்டாந்தம்பி, புரிஞ்சுபோச்சு. இனியாச்சும் கிளம்பச் சொல்லுங்க!"