எழுபதாயிரம் ரூபாய் ஒயர்

பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற நீதிபதி ஜம்புலிங்கம், இறந்துபோன மனைவி விசாலம் பாடிய கேசட்டைத் தினமும் கேட்பார். குரல் வரவர மங்கிக்கொண்டே வந்தது. சென்னையிலிருந்து வந்த ஒரு வியாபாரி, "ஸ்பீக்கர் ஒயரை மாத்துங்க சார், சரியாயிடும். எழுபதாயிரம்தான்" என்று பளபளக்கும் ஒயரை நீட்டினான்.

நீதிபதி, ரேடியோ ரிப்பேர் செய்யும் குல்சும் பீவியைக் கூப்பிட்டனுப்பினார். "இத்தனை வருஷமா நீ போட்ட மட்ட ஒயர்தான் அவ குரலை நெரிச்சிருக்கு. இல்லேன்னு நிரூபி. முடியலைன்னா இனி இந்த வீட்டுப் படி ஏறாதே!"

"நிரூபிக்கிறேன் ஐயா. ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கிடுங்க. ரெண்டு ஒயரையும் மாத்திப் போடுறேன். எது எதுன்னு நீங்களே சொல்லுங்க."

முதலில் பாட்டு மங்கலாக வந்தது. "பழைய ஒயர்!" என்றார் நீதிபதி. "சந்தேகமே இல்லை" என்றான் வியாபாரி.

கொஞ்ச நேரம் கழித்து அதே பாட்டு மறுபடி ஒலித்தது. விசாலம் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. நீதிபதியின் மூடிய கண்கள் கசிந்தன. "இதுதான் புதுசு!"

"நான்தான் சொன்னேனே!" என்றான் வியாபாரி.

"கண்ணைத் திறங்க" என்றாள் குல்சும். செட்டில் மாட்டியிருந்தது பழைய ஒயர். "முதல்ல போட்டதுதான் எழுபதாயிரம். நடுவுல, டேப் உரசுற இடத்துல அப்பியிருந்த அழுக்கை ஸ்பிரிட்டுல பஞ்சை நனைச்சுத் துடைச்சேன். அவ்வளவுதான் ஐயா."

வியாபாரி ஒயரைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினான். பாட்டு முடிந்தும் கேசட்டை யாரும் நிறுத்தவில்லை. இதுவரை அழுக்கில் அமுங்கிக் கிடந்த மெல்லிய குரலில் விசாலம், "காப்பி ஆறுது, வாங்களேன்" என்றாள்.

"இதோ வந்துட்டேன்" என்றார் நீதிபதி.