கத்தாத மதகு

கிட்ட வந்து உட்காருங்க. இந்தக் கதையில் சத்தம் கம்மி. தள்ளி இருந்தால் காதில் விழாது.

"சாமி, இந்தச் சனியன் புடிச்ச மதகு ஏன் இப்படிக் கத்துது?" என்று கேட்டான் வைரக்கண்ணு.

உப்பாற்றுக்கும் வயல் வாய்க்காலுக்கும் நடுவே இருந்தது அந்த மதகு. மழைத்தண்ணீர் வடியத் திறப்பார்கள். கடல் ஏறும்போது உப்புத்தண்ணீர் உள்ளே வராமல் மூடிவைப்பார்கள். இரும்புப் பலகை, அதைத் தூக்க மரை போட்ட தண்டு, தண்டின் தலையில் ஒரு சக்கரம். எல்லாம் துரு. நாலு ஆள் மூச்சுப் பிடித்தால்தான் சக்கரம் அசையும். அசைந்தால் அலறும். சுடுகாடு வரை கேட்கும்.

அந்த அலறல் கேட்டால் ஊரே போட்டது போட்டபடி ஓடிவரும். சோறு கிளறிக்கொண்டிருந்தவள் அகப்பையோடு வருவாள். "யாரு தொறக்கிறது? என்னத்துக்கு?" அத்தனை பேருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அது ஊர் வழக்கம்.

மதகு திறக்கிற வேலை வைரக்கண்ணுவுடையது. பதில் சொல்லியே அவனுக்குத் தொண்டை வற்றிப்போகும்.

மதகடியில் கொட்டகை போட்டிருந்த சாமிக்கு முப்பது வயதுகூட இருக்காது. வைரக்கண்ணுவுக்கு மீசையே நரைத்துவிட்டது. ஆனாலும் அவர்தான் குரு, இவன்தான் சிஷ்யன். அப்படி அமைந்துவிட்டது.

"கழிவு ஆயில் ஊத்திப் பாத்தேன் சாமி. வாய்க்கால்ல கெண்டையெல்லாம் வயித்தைக் காட்டிக்கிட்டு மெதந்துச்சு. எங்க அக்கா தொடப்பத்தைத் தூக்கிட்டா."

அக்கா செகதாம்பாள் வயல்தான் மதகுக்கு முதல் வயல். புருஷன் போனபிறகு அவளுக்கு இருக்கிற சோறு அது ஒன்றுதான்.

"மீனுக்குக் கெடுதி இல்லாம, தேயாம, துருவேறாம, சத்தமும் இல்லாம ஒரு வழி சொல்லுங்க."

சாமி வரப்பிலிருந்து ஒரு வயல் நத்தையை எடுத்துவந்தார். அரிவாளை நிமிர்த்திப் பிடித்து, கூர்மேல் அதை விட்டார்.

நத்தை கூர்மேலேயே ஊர்ந்தது. ஒரு கீறல் விழவில்லை. வந்த வழியெல்லாம் பளபளவென்று கோழை.

"புரிஞ்சுபோச்சு சாமி!" என்று துள்ளி எழுந்தான்.

"இன்னும் முடியலை. உக்காரு."

அவன் எங்கே உட்கார்ந்தான்?

கடுக்காயை இடித்துக் காய்ச்சித் துருவின் மேல் தடவினான். துரு கறுத்து, அப்படியே இறுகி நின்றது. விளக்கெண்ணெயில் தேன்மெழுகை உருக்கி, நத்தைக் கோழை பதத்துக்குக் கொண்டுவந்து, மரை விடாமல் பூசினான்.

சக்கரத்தை ஒற்றை விரலால் தள்ளினான். சுற்றியது. பலகை எழுந்தது.

ஒருத்தரும் வரவில்லை. அவனுக்கே சப்பென்று ஆகிவிட்டது. வீடு வீடாகப் போய்க் கூட்டிவந்துதான் காட்டினான்.

"மீனு சாகாதுல்ல?" என்றாள் செகதாம்பாள்.

"நக்கிப் பாருக்கா. ஒண்ணும் ஆகாது."

"நீயே நக்கு. செஞ்சவன் நீதானே."

ஊர் சிரித்தது. பக்கத்து இறால் பண்ணைக்காரரும் வந்திருந்தார். அவர்தான் ரொம்பப் புகழ்ந்தார். "உன் கையைக் கண்ணுல ஒத்திக்கணும்யா!"

சாமி மட்டும் கேட்டார்: "இனிமே யாரு ஓடி வருவா?"

"எதுக்கு சாமி வரணும்?"

சாமி கொட்டகைக்குள் போய்விட்டார்.

கதிர் பால் பிடிக்கிற நேரம். ஒரு மத்தியானம், ஊர் உண்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தது. செகதாம்பாள் வந்து தம்பியைத் தட்டி எழுப்பினாள்.

"நம்ம வயல்ல மடவை துள்ளுதுடா."

மடவை கடல்மீன். அது வயலுக்குள் வர ஒரே வழிதான்.

ஓடினான். மதகு முழுக்கத் திறந்து கிடந்தது. வாய்க்காலும் வயலும் ஒன்றாகித் தளும்பின. வாய்க்காலில் ஒரு வெட்டு விழுந்திருந்தது. அதன் வழியாக உப்புத்தண்ணீர் இறால் குட்டைக்குப் போய்க்கொண்டிருந்தது. கரையில் குடை பிடித்து நின்றார் பண்ணைக்காரர்.

"யாரைக் கேட்டுத் தொறந்தீங்க?"

"கேக்கலாம்னுதான் பாத்தேன். யாருமே வரலையேய்யா." அவர் சிரித்தார். "ஒத்தை விரல்ல தொறந்தேன். உன் மருந்து அருமை."

வைரக்கண்ணு சக்கரத்தைச் சுற்றினான். சத்தமே இல்லாமல் மூடியது. உள்ளே வந்தது உள்ளேயே நின்றது.

செகதாம்பாள் குனிந்து வயல் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"கரிக்குது" என்றாள்.

அவள் துடைப்பத்தைத் தேடவில்லை. அவன் முகத்தையும் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வரப்போடு நடந்து போனாள்.

"சொல்லியிருக்கக் கூடாதா சாமி?" என்று கொட்டகை வாசலில் விழுந்தான்.

சாமி மறுபடியும் ஒரு நத்தையை அரிவாள் கூர்மேல் விட்டார். அது பாதி தூரம் ஊர்ந்ததும், ஒரு வைக்கோல் துரும்பால் மெல்லத் தொட்டார்.

நத்தை உடம்பை உள்ளே இழுத்தது. தன் மூடியால் வாயை இறுக்க அடைத்துக்கொண்டு கீழே உருண்டது.

"அன்னைக்கு நீ எந்திரிச்சுப் போனபிறகும் இதைத்தான் செஞ்சுது" என்றார் சாமி.

வைரக்கண்ணு அந்த அரிவாளை எடுத்துக்கொண்டு மதகுக்குப் போனான். மெழுகை வழித்தான். கறுப்பு லேசில் போகவில்லை. அத்தனை நன்றாகச் செய்திருந்தான். மரை மரையாகச் சுரண்டினான். வெள்ளை இரும்பு தெரிந்ததும், உப்பாற்றில் இறங்கி இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிவந்து அதன்மேல் ஊற்றினான். மறுபடியும் அள்ளினான். மறுபடியும் ஊற்றினான்.

பிறகு சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, தண்டில் காதை வைத்துக் கேட்டான்.