பெரிய திரை கேட்டவர்

"அம்மா, கம்ப்யூட்டருக்குப் பெரிய திரை ஒண்ணு வேணும்" என்றார் அங்கமுத்து.

அமுதவல்லி அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"இருக்கற திரைக்கு என்ன?"

"எடம் இல்லம்மா. நெறஞ்சி போச்சி."

"யாரு நெறச்சது?"



ஆற்றங்கரையில் இருந்த அந்த அன்னசாலையில் தினமும் மதியம் சோறு போடுவார்கள். யார் வந்தாலும் சோறு உண்டு. ஆனால் முதல் கரண்டி விழுவதற்கு முன் ஒரு வழக்கம் இருந்தது. அன்றைக்கு யாருடைய நினைவு நாளோ, அவர் படத்தை வீட்டாருக்குக் காட்டி, கூடத்தில் அவர் பெயரை உரக்கச் சொல்வார்கள். பெயர் சொல்லாமல் பரிமாற மாட்டார்கள்.

சாலையை நடத்தியவர் அம்மை. நாற்பது வயது. ஞானம் தேடி வருகிறவர்களுக்கு அவர் பெரும்பாலும் ஏதாவது வேலை கொடுப்பார். அங்கமுத்து அவரைவிட இருபது வயது மூத்தவர். பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனம் அடங்கவில்லை என்று வந்து நின்றவரிடம் அம்மை கணினியைக் கொடுத்தார்.

"இதுல போனவங்க படமெல்லாம் இருக்கு. பாத்துக்குங்க" என்றார். உபதேசம் அவ்வளவுதான்.

அங்கமுத்து பார்த்துக்கொண்டார். வந்த படம் ஒவ்வொன்றிலும், படத்துக்குள்ளேயே அடியில், பெயரையும் நாளையும் எழுதினார். எழுதியதை டெஸ்க்டாப்பிலேயே வைத்தார். தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து எல்லா முகங்களையும் வரிசையாகப் பார்ப்பார். இன்று யார் நாள் என்று அப்படித்தான் கண்டுபிடிப்பார்.

முகங்கள் பெருகின. திரையின் ஓரம் முதல் ஓரம் வரை முகங்கள். எள் போட இடமில்லை.

அம்மை கீரைக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"இன்னைக்கு யாரு?"

"ராசாம்பா. கெடார் பக்கம்."

"காட்டுங்க."

அங்கமுத்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். மேலே தேடினார். கீழே தேடினார். காலையில் பார்த்த முகம்தான். கடைசியில் நடுவில் எங்கோ இருந்தது.

"பெரிய திரை வாங்கிட்டா இன்னும் கொஞ்ச நேரம் தேடலாம், இல்ல?" என்றார் அம்மை.

கீரைக்குத் திரும்பிப் போனார்.

*

இரண்டு நாள் கழித்து அங்கமுத்து சிரித்த முகத்தோடு வந்தார்.

"அம்மா, வந்து பாருங்க. சுத்தம் பண்ணிட்டேன்."

திரையில் ஒரு ஐகான் இல்லை. வெறும் நீலம்.

"அட! எல்லாரும் எங்க போனாங்க?"

"எங்கயும் போகலம்மா. இங்கதான் இருக்காங்க."

மவுஸின் வலப்பக்கத்தை அழுத்தினார். எதையோ ஒன்றைத் தொட்டார். எல்லா முகங்களும் இருந்த இடத்திலேயே எழுந்து நின்றன. மறுபடி தொட்டார். மறைந்தன.

அம்மை சிரித்துவிட்டார்.

"கண்ண மூடிக்கிட்டு வீட்டப் பெருக்கிட்டேன்றீங்க."

அங்கமுத்துவின் முகம் விழுந்தது. அம்மை அதைக் கண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஐயா, ஒரு ஃபோல்டர்ல போட்டு வைக்கறதுக்கு என்ன? பள்ளிக்கூடத்துல பீரோ இல்லியா உங்களுக்கு?"

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வம்சத்துலயே மொதல்ல பட்டம் வாங்கினவன் நான். பட்டத்த ஆணியில மாட்டலாம்னேன். எங்கப்பா கேக்கல. தூசு படும், கண்ணு படும்னு துணியில சுத்தி டிரங்குப் பொட்டியில வச்சிப் பூட்டினாரு. அடுத்த வருசம் தொறந்தா கரையான் தின்ன மிச்சம்தான். துணி நல்லாத்தான் இருந்துச்சி."

"அப்புறம்?"

"வேற நகல் வாங்கிட்டேன். வாங்கறதுக்குள்ள எங்கப்பா போயிட்டாரு. கடைசி வரைக்கும் அந்தப் பொட்டியப் பாக்க மாட்டாரும்மா. மூஞ்சத் திருப்பிக்குவாரு."

அங்கமுத்து திரையைக் காட்டினார்.

"ஒவ்வொண்ணும் ஒரு வீட்டு ஆளும்மா. உள்ள போட்டு மூட மனசு வரல. யாரையும் வெளிய அனுப்ப மனசு வரல."

அம்மை அவர் தோளை ஒருமுறை தொட்டார். எழுந்து போய்விட்டார்.

திரையைப் பற்றி அதன் பிறகு இருவரும் பேசவில்லை.

*

மாதம் ஒன்று போனது. ஒருநாள் காலை எல்லா முகங்களையும் பார்த்து முடித்த அங்கமுத்து, "இன்னைக்கு யாரும் இல்லம்மா. சாலையோட பொதுப் பேரச் சொல்லிப் பரிமாறிடலாம்" என்றார்.

பத்து மணி பஸ்ஸில் ஒரு பெண் வந்து இறங்கினாள். கையில் மஞ்சள் பை. பெயர் பச்சையம்மாள்.

"எம்புள்ளைக்கு மொத வருசம்யா. இளவழகன்னு. படம் வந்து சேந்துச்சா?"

அங்கமுத்து திரைப் பக்கம் திரும்பினார். பெயர் நினைவிருந்தது. படம் வந்ததும் நினைவிருந்தது. மழைக்காலத்தில் யாரோ ஒரு பையன் அனுப்பினான். அடியில் பெயரும் நாளும் எழுதியதுகூட நினைவிருந்தது.

இன்று காலை அந்த முகத்தைப் பார்க்கவில்லை. நேற்றும் பார்த்த ஞாபகம் இல்லை.

"வந்துதும்மா. இருக்கு. உக்காருங்க."

"அவன் போட்டோவே எடுத்துக்க மாட்டான்யா. கேமராவக் கண்டா ஓடுவான். அவன் கூட்டாளி ஒருத்தன் போன்ல அது ஒண்ணுதான் இருந்துச்சாம். உங்களுக்கு அனுப்பிச்சிட்டான். அப்புறம் அந்தப் போனும் தண்ணில உழுந்து போச்சாம். நான் இன்னும் அதப் பாக்கவே இல்ல."

அங்கமுத்துவின் போனிலும் அது இல்லை. போனில் இடம் போதவில்லை என்று, கணினியில் ஏற்றியதும் அழித்துவிட்டிருந்தார். பெயரைப் போட்டுத் தேட வழியில்லை. படத்துக்குள் பெயரை எழுதினாரே தவிர, படங்களை அந்தப் பெயரில் சேமித்ததில்லை. போன் கொடுத்த எண்களோடு அப்படியே கிடந்தன. முகத்தைத்தான் நம்பியிருந்தார்.

மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

வாசலில் பச்சையம்மாள் சமையல்காரி முத்தாலுவிடம் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"மோர் குடிக்கிறியாக்கா?"

"அவன் மொகத்தப் பாத்துட்டு வாயில வைக்கிறேன் தாயி. காலையிலிருந்து அப்பிடித்தான் இருக்கேன்."

அங்கமுத்து எழுந்து அம்மையிடம் போனார்.

"அம்மா. தொலச்சிட்டேன்."

"என்னத்த?"

சொன்னார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

அம்மை கேட்டுக்கொண்டார். கோபம் இல்லை. பந்தலில் கூட்டம் சேர்ந்திருந்தது. கூடத்தில் ஒரு பந்திக்கு அறுபது பேர்தான் உட்கார முடியும். மற்றவர்கள் வெளியே பந்தல் நிழலில் பெஞ்சுகளில் இருப்பார்கள். ஒரு பந்தி எழுந்ததும் இலை எடுத்துத் துடைத்து, அடுத்தவர்களைக் கூப்பிடுவார்கள். என்றைக்கும் அப்படித்தான்.

அம்மை போய்க் கூடத்தின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தார்.

"எல்லாரும் உள்ள வாங்க!"

"எல்லாருமா?" என்று ஒருவர் கேட்டார்.

"எல்லாரும்தான்."

*

வந்தார்கள்.

"யோவ், எல மேல கால வைக்காத!"

"நீ எலய என் காலுக்குக் கீழ வச்சா?"

"பாட்டி, கொஞ்சம் தள்ளி உக்காரு."

"எங்கடா தள்றது, செவுத்துக்குள்ளயா?"

முத்தாலு சாம்பார் வாளியோடு வாசலில் நின்றாள். உள்ளே கால் வைக்க இடமில்லை.

"அம்மா! என்னம்மா இது? நான் பறந்தா வந்து ஊத்துறது?"

அங்கமுத்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு அம்மையிடம் வந்தார். வேட்டியில் யாரோ தண்ணீரைக் கொட்டியிருந்தார்கள்.

"ஏம்மா இப்படிப் பண்றீங்க? இன்னைக்குப் போயி!"

"யாரையும் வெளிய அனுப்ப மனசு வரல" என்றார் அம்மை.

அவர் திகைத்து நின்றார்.

"பச்சையம்மா எங்க?" என்று கேட்டார் அம்மை. "வந்த எடத்துல அது தனியா நிக்கப் போவுது. பாத்து உக்கார வையுங்க."

அங்கமுத்து பார்த்தார். தலைகள். தோள்கள். தலைகள். மஞ்சள் பையைத் தேடினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த இரைச்சலில் அவர் குரலே அவருக்குக் கேட்கவில்லை.

"எல்லா எடமும் பாத்துட்டேம்மா. காணம்."

"உள்ளதான் இருக்கும்."

மறுபடி பார்த்தார். இடது பக்கம், கூடத்தின் தலைமாட்டு மூலையில், வாட்டசாட்டமான ஒரு ஆள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அவர் முழங்கைக்குக் கீழே ஒரு சேலைத் தலைப்பு தெரிந்தது. கொஞ்சம் மஞ்சள் தெரிந்தது.

"ஐயா, நகருங்க. உங்களுக்குப் பின்னால ஒரு ஆளு."

"எனக்குப் பின்னாலயா?" அவர் நிஜமாகவே திடுக்கிட்டார். "தெரியலயே! மன்னிச்சுக்கம்மா."

அவர் நகர்ந்தார். சுவரோடு சுவராக ஒட்டிப் பச்சையம்மாள் நின்றிருந்தாள். பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

அங்கமுத்து அவளைப் பார்த்தார். அந்த மூலையைப் பார்த்தார். அசையாமல் நின்றார்.

பின்னால் அம்மை கையைத் தட்டினார்.

"தப்பு என்னுதுதான். எப்பவும் போல அறுபது பேரு இருங்க. மத்தவங்க பந்தலுக்குப் போங்க."

ஒருவரும் முனகவில்லை. வாசலைத் தாண்டும்போது ஒரு கிழவர் பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டு போனார்.

"பந்தல்ல காத்து வருது. உள்ள இருந்தா என்ன, வெளிய இருந்தா என்ன, கூப்பிடத்தான போறாங்க."

அங்கமுத்து அந்தக் கிழவரின் முதுகையே பார்த்தார். பிறகு கணினி இருந்த அறைக்கு ஓடினார்.

*

திரையின் இடது மேல் மூலையில் மல்லிகை வைத்த ஒரு அம்மாளின் முகம். அதைப் பிடித்து இழுத்தார்.

அடியில் இன்னொரு முகம். தலைப்பாகை கட்டிய பெரியவர். அவரையும் இழுத்தார்.

அடியில் இன்னொன்று. பள்ளிச் சீருடையில் ஒரு பெண். உட்கார இடம் கிடைக்காமல் கடைசியாய் வந்தவர்களெல்லாம் அந்த மூலையில் ஒருவர் மேல் ஒருவராய் நின்றிருந்தார்கள்.

நான்காவதாக ஒரு இளைஞன். கேமரா வேண்டாம் என்று கையை நீட்டியபடி, சிரிப்பை அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

இளவழகன்.

அங்கமுத்து நாற்காலியில் சாய்ந்தார். மூச்சு வாங்கியது. அவளைக் கூப்பிட வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

அந்த ஒரு படத்தை விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் தேர்ந்தெடுத்தார். புதிதாக ஒரு ஃபோல்டர் திறந்தார். அதற்கு ஒரு பெயர் வேண்டும். விரல்கள் எழுத்துகளின் மேல் நின்றன.

பந்தல் என்று எழுதினார்.

எல்லோரும் உள்ளே போக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உடனே திறந்து பார்த்தார். இருந்தார்கள். மூடினார். மறுபடி திறந்து பார்த்தார். இருந்தார்கள். மாதம் மாதமாய்ப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் பெயர் எழுத வேண்டும். இன்று சாயங்காலமே தொடங்க வேண்டும்.

ஃபோல்டரைத் திரையிலிருந்து எடுத்து உள்ளே, அதற்கான இடத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் கையை மவுஸிலிருந்து எடுக்கவில்லை. பிறகு எடுத்தார்.

கூடத்தில் அறுபது பேர் வெறும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். முத்தாலு கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். அம்மை கதவோரம் நின்றிருந்தார்.

அங்கமுத்து வாசலில் வந்து நின்றார்.

"அம்மா பச்சையம்மா. வாங்க."

அவள் எழுந்து வந்தாள். அம்மையும் பின்னால் வந்தார். அறைக்குள் வந்ததும் பச்சையம்மாள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திரைக்கு முன்னால் போய் நின்றாள்.

நீலத்தின் மூலையில் கட்டைவிரல் அளவுக்கு அவன் சிரித்துக்கொண்டிருந்தான். வேறு எதுவும் இல்லை.



"சின்னதாத் தெரியுதும்மா" என்று அங்கமுத்து அவசரமாக மவுஸைப் பிடித்தார். "இருங்க, தொறந்து பெருசாக் காட்டுறேன்."

"இருக்கட்டும்யா" என்று அவள் அவர் கையைத் தடுத்தாள். அவள் கண்கள் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை போய்த் திரும்பி வந்தன.

"எம்மாம் பெரிய திரைய்யா உங்களுது! இவ்ளோ எடமும் எம்புள்ள ஒருத்தனுக்கா?"