கல்லிடுக்கில் இருந்தவை

"டீச்சர், புழுவைக் கொல்ல ஒரு மருந்து சொல்லுங்க."

ஹெப்சிபா வாசலில் நின்றபடியே கேட்டாள். இடுப்பில் ஆபரேஷன் பெல்ட். ஆட்டோ குலுக்கலில் முகம் வெளுத்திருந்தது.

நஸீரா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காருங்கக்கா. என்ன புழு?"

"தொட்டியில வந்திருக்கிற புழு."

"அதான், என்ன புழு?"

"புழுன்னா புழுதான் டீச்சர்."

நஸீரா துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"வாங்க, போய்ப் பார்ப்போம்."

இருவருக்கும் தூத்துக்குடியில் ஒரே கல்லூரி. ஹெப்சிபா வேதியியல் நடத்துகிறாள்; நஸீரா கடல் உயிரியல். வயதில் நஸீராதான் இளையவள். ஆனால் வீட்டுத் தொட்டியில் உப்புத் தண்ணீர் கலந்து பவளம் வளர்க்கக் கற்றுக்கொடுத்தவள். அதனால் ஹெப்சிபாவுக்கு அவள் டீச்சர்.

வழியில் ஹெப்சிபா சொல்லிக்கொண்டே வந்தாள். மதுரையில் முதுகெலும்பு ஆபரேஷன். கூட இருந்தது கணவர். ஊர் திரும்பவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நேற்றுத்தான் தொட்டிக்குள் கைவிட்டு ஒரு கல்லைத் தூக்கினாள். அடியில் கொத்துக் கொத்தாக நெளிந்தது. ஒன்று விரலில் உரசியதும் கண்ணுக்குத் தெரியாத முள் ஏறிவிட்டது. இன்னும் எரிகிறது.

"நான் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கு டீச்சர். ஒரு துண்டா வச்ச பவளம், இப்பத்தான் கிளை விட்டிருக்கு. அதைத் தின்னுட்டா?"



வீட்டுக்குள் வந்ததும் நஸீரா ஜன்னல் திரைகளை இழுத்து மூடினாள். தொட்டி விளக்கை அணைத்தாள். நடுப்பகலில் கூடம் இருண்டது. டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றி, ஒரு துண்டு இறாலைத் தொட்டியின் மூலையில் போட்டாள்.

"டீச்சர், மருந்து…"

"உஸ். சிவப்பு வெளிச்சம் அதுங்களுக்குத் தெரியாது."

இருவரும் காத்திருந்தார்கள்.

முதலில் ஒன்று தலை நீட்டியது. பிறகு கல்லின் ஓட்டைக்கு ஓட்டை வந்தன. மெலிந்த, பழுப்பும் இளஞ்சிவப்புமான உடம்பு. இருபுறமும் மயிர்போல முள். பவளத்தின் அடியை உரசிக்கொண்டு போயின. ஒன்றுகூட மேலே ஏறவில்லை. இறால் இருந்த இடம் கொஞ்ச நேரத்தில் துடைத்துவிட்டதுபோல் ஆனது.

"பவளத்தைத் தின்னுச்சா?" என்று கேட்டாள் நஸீரா.

"இல்ல."

"இப்ப மேல பாருங்க."

பவளக் கிளையின் நுனியில் ஒன்று தனியாக இருந்தது. தடித்த உடம்பு. பக்கவாட்டில் வெள்ளை வெள்ளையாகக் குஞ்சம். கிளை நுனியை வாய்க்குள் வாங்கிக்கொண்டு அசையாமல் கிடந்தது.

நஸீரா நீண்ட இடுக்கியால் அதைப் பதமாக எடுத்து ஒரு டப்பாவில் போட்டாள்.

"இது நெருப்புப் புழு. பவளம் தின்னும். இது என்கூட வரட்டும்."

"மத்ததெல்லாம்?"

நஸீரா திரையை விலக்கினாள். தொட்டிக்குப் பக்கத்து அலமாரியில் மீன் தீனி டப்பா காலியாக இருந்தது. அதை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள்.

"இதுல இருந்தது எங்க?"

ஹெப்சிபாவின் முகம் இறுகியது.

"மதினி போட்டுட்டாங்க. வீட்டுக்காரரோட அக்கா, ஜெயசீலி மதினி. வீட்டைப் பாத்துக்கத் தங்கியிருந்தாங்க. ஒரு வேளைக்கு ஒரு சிட்டிகைதான்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனேன். ஒரு வருஷத்துத் தீனியைக் கொட்டித் தீர்த்துட்டாங்க. மீனைக் கொல்லப் பாத்தீங்களான்னு கேட்டேன். அன்னிக்கே பையை எடுத்துக்கிட்டு சாயர்புரம் போயிட்டாங்க."

"நான் அதைக் கேக்கலக்கா. இதுல இருந்தது எங்க போச்சு?"

"தொட்டிக்குள்ள."

"தொட்டிக்குள்ள எங்க?"

ஹெப்சிபா தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

அழுகும் தீனி அம்மோனியாவாகும். அம்மோனியா மீனைக் கொல்லும். வகுப்பில் அவளே நடத்துகிற பாடம். இவ்வளவு தீனி விழுந்த தொட்டி ஒரு வாரத்தில் நாறியிருக்க வேண்டும்.

தண்ணீர் பளிங்காக இருந்தது. கோமாளி மீன்கள் இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன.

"அவ்வளவையும் இதுங்களா தின்னுச்சு டீச்சர்?"

"ம்."

ஹெப்சிபா பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து கண்ணாடியோடு முகம் வைத்தாள். கடைசிப் புழு ஒன்று வாலை இழுத்துக்கொண்டு கல்லுக்குள் போனது.

"ஸ்தோத்திரம்," என்றாள், உதடு மட்டும் அசைய.

"மருந்து ஊத்தியிருந்தா அத்தனையும் கல்லுக்குள்ளயே செத்து அழுகியிருக்கும்," என்றாள் நஸீரா. "மீனும் போயிருக்கும், பவளமும் போயிருக்கும். இனித் தீனியை அளவாப் போடுங்க. இதுங்க தானா குறைஞ்சுரும்."

"மதினி அளவாப் போட்டிருந்தா இதுங்க இவ்வளவு பெருகியே இருக்காது."

"ஆமா." நஸீரா இடுக்கியைக் கழுவிக்கொண்டிருந்தாள். "மதினி வரவே இல்லைன்னா மீனுக்கு யாரு தீனி போட்டிருப்பா?"



ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று வீடு கழுவிக் கிடந்தது. சோறும் சாளை மீன் குழம்பும் சூடாக இருந்தன. கட்டிலில் துவைத்த விரிப்பு. ஹெப்சிபா நேராகப் போய்ப் பார்த்தது தீனி டப்பாவைத்தான். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே ஜெயசீலி சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது. "வாயில்லாத ஜீவன். நீயில்லாம ஏங்கிரக்கூடாதேன்னுதான்…"

ஹெப்சிபா போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"மதினி, நான் ஹெப்சி."

தொட்டியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"மீனெல்லாம் நல்லாருக்கு மதினி."

ஜெயசீலி கேட்டாள்:

"சாப்பிட்டுச்சா?"

"இல்ல மதினி. நீங்க வந்து போடுங்க."