வெயில் போன இடம்

குருவுக்கு ஐம்பத்து நான்கு வயது. சீடருக்கு எழுபத்து மூன்று. கொடைக்கானலுக்கு மேலே, பூண்டு விளையும் மலையூர் ஒன்றில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், சீடரின் காலில் விழுந்துவிட்டு குருவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். குரு வடிவம்மை ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். சீடர் தில்லைநாயகம் கூச்சத்தில் நெளிவார்.

தில்லைநாயகம் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். எந்தப் பெட்டியில் எந்த இருக்கையில் யார் வந்தார் என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் வரிசையாக ஒப்பிப்பாராம். மனைவி காலமான பிறகு மகனிடம் சொல்லிக்கொண்டு மலையேறி வந்தார். சில வருஷங்கள் நன்றாகத்தான் போயின.

அந்த வருஷம் மார்கழி கொஞ்சம் கடுமையாகவே வந்தது. விடிகாலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. மடத்தில் சமைக்கிற மாசிலாமணிக்குப் பெரியவர்மேல் பிரியம் அதிகம். வெந்நீர் கட்டிலுக்கு வந்தது. கஞ்சி கட்டிலுக்கு வந்தது. குல்லாயை மாட்டிவிடுவதும் காலுக்குச் சாக்ஸ் போட்டுவிடுவதும்கூட மாசிலாமணிதான். குளிர் உள்ளே வந்துவிடும் என்று அறைக்கதவைச் சாத்தியே வைத்திருந்தார். கைக்குழந்தைக்குக்கூட இவ்வளவு உபசாரம் நடக்காது.

ஒருநாள் காலை மாசிலாமணி கஞ்சியோடு வந்து நின்றார். தில்லைநாயகம் அவர் முகத்தைப் பார்த்தார். பெயர் வரவில்லை.

"இவரே, அப்படி வச்சுட்டுப் போங்க" என்று சமாளித்தார். பெயர் மத்தியானத்துக்கு மேல்தான் வந்தது.

அடுத்த வாரம், தினமும் பாடுகிற பாட்டின் நடுவில் நின்றுபோனார். மற்றவர்கள் எடுத்துக்கொடுத்தும் அவரால் தொடர முடியவில்லை.

தில்லைநாயகம் பயந்துபோனார். அவருடைய அண்ணன் கடைசிக் காலத்தில் பெற்ற மகளையே 'யாரும்மா நீ' என்று கேட்டவர். அந்தப் பெண் அழுதுகொண்டே பெயர் சொன்னதைத் தில்லைநாயகம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

வடிவம்மை அவரை டாக்டரிடம் அனுப்பிவைத்தார். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், படம் காட்டிக் கேள்வி கேட்டார், "ஒண்ணும் இல்ல பெரியவரே, குளிர்காலத்து மந்தம்தான்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். மாத்திரை எழுதித் தராத டாக்டரை யார் நம்புவார்கள்? தில்லைநாயகமும் நம்பவில்லை.

வடிவம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார்.

"அம்மா, எனக்கு விடை கொடுங்க."

"எங்க போகணும்?"

"மதுரைக்கு. வயசானவங்களைப் பாத்துக்கிற இல்லம் ஒண்ணு இருக்காம். நான் சொல்லித்தான் பையன் விசாரிச்சான். வாசல்ல பூட்டு போட்டு வச்சிருப்பாங்களாம். நம்ம பாட்டுக்கு எங்கயும் போயிட முடியாது."

"இங்க என்ன குறை?"

"இங்க குறை இல்லம்மா. எனக்குத்தான். மூளை மழுங்குது. உங்க முகத்தைப் பாத்து நீங்க யாருன்னு கேக்கறதுக்கு முன்னாடி போயிடணும்."

வடிவம்மை கீரையைக் கீழே வைத்தார். மூலையில் சாய்த்திருந்த மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் வெளிமுற்றத்தில், வெயில் விழுந்த இடத்தில் விரித்துப் போட்டார்.

"உட்காருங்க ஐயா."

உட்கார்ந்தார். வடிவம்மை திரும்பவும் கீரைக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் தைல மரங்களின் நிழல் முற்றத்துக்கு வந்துவிட்டது. தில்லைநாயகம் எழுந்து உள்ளே வந்தார்.

"வெயில் போயிடுச்சும்மா."

"எங்க போச்சு?"

அவர் எட்டிப் பார்த்தார். "கீழே, கோயில் படிக்கட்டுக்கு."

"அப்ப நீங்க ஏன் இங்க வந்தீங்க?"

தில்லைநாயகம் மறுபடியும் படிக்கட்டைப் பார்த்தார்.

"பொங்கல் கழிஞ்சு மறுநாள் பையனை வரச் சொல்லுங்க. தாராளமாப் போகலாம். அதுவரைக்கும் பகல்ல வெயில்ல மட்டும்தான் உட்காரணும். நாற்காலியை நீங்களே தூக்கணும்."

இதற்குள் நாற்காலியைத் தூக்க ஓடிவந்த மாசிலாமணியை வடிவம்மை ஒரு பார்வை பார்த்தார். அவர் அடுக்களைக்குத் திரும்பிப் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினார்.

அன்றிலிருந்து நாற்காலியும் தில்லைநாயகமும் ஊரைச் சுற்றினார்கள். காலையில் மடத்து முற்றம். பிறகு கோயில் படிக்கட்டு. படிக்கட்டில் நிழல் விழுந்தால் தையல்காரர் சூசையின் கடை வாசல். அங்கிருந்து வெயில் ஊருக்கு வெளியே பூண்டுக் களத்துக்குப் போய்விடும். சாயங்காலம் மலை மறைக்கும்வரை அங்கேதான் இருக்கும். ஆனால் தினமும் ஒரே மாதிரி இருக்காது. மேகம் வந்தால் கணக்குத் தப்பும். எதிர்வீட்டுக்காரர் கம்பளி காயப்போட்டால் கணக்குத் தப்பும். அடுத்து வெயில் எங்கே விழும் என்று யோசித்துக் கிளம்புவதே அவருக்கு ஒரு வேலையாகப் போயிற்று.

முதல் நாள் சூசை மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"பெரியவரே, எதுக்கு நாற்காலியோட அலையறீங்க?"

"குரு உத்தரவு."

"என்னன்னு?"

"வெயில்ல உட்காரச் சொல்லியிருக்காங்க."

"அவ்வளவுதானா? நான் ஏதோ பெரிய விரதம்னு நெனச்சேன்." சூசை மறுபடியும் மிதிக்கத் தொடங்கினார். "வந்ததுதான் வந்தீங்க, இந்த ஊசியில நூல் கோத்துக் குடுங்க."

நூல் கோக்க வெகு நேரம் ஆயிற்று. ஆனாலும் கோத்துவிட்டார்.

பூண்டுக் களத்தில் இன்னும் மோசம். அங்கே ஏழெட்டுப் பெண்கள் தார்ப்பாய் விரித்துப் பூண்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பவுனுத்தாய்தான் தலைவி. அறுபது வயது, ஊருக்கே கேட்கும் குரல். நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தவரை அவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐயா மேஸ்திரியா?"

"இல்லம்மா. சும்மா வெயிலுக்கு உட்கார்ந்திருக்கேன்."

"சும்மா உட்கார்ந்தா கை வெறைச்சுப் போகும். எறங்கி வாங்க. பெருசு இங்கிட்டு, நடுவாந்தரம் அங்கிட்டு, பொடி இந்தக் கூடையில."

இறங்கி உட்கார்ந்தார். அவர் பெரிது என்று போட்டதையெல்லாம் பவுனுத்தாய் எடுத்து நடுவாந்தரத்தில் எறிந்தார். தில்லைநாயகத்துக்கு ரோஷம் வந்தது. மறுநாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

கை வேலை செய்ய, வாய் சும்மா இருக்காது. அந்தப் பெண்கள் விடுகதை போட்டார்கள்.

"ஐயாவுக்கு ஒண்ணு. ஆத்தாளுக்கு மேல ஒரு சேலை, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சட்டை, தோலை உரிச்சா குடும்பமே வெள்ளை. என்னது?"

தில்லைநாயகம் யோசித்தார். வாழைப்பூவா என்று கேட்டார். இல்லை. சோளமா? இல்லை. மேகம் பார்த்தார், மலை பார்த்தார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"கையில என்ன வச்சிருக்கீங்க?" என்றார் பவுனுத்தாய்.

அவர் குனிந்து பார்த்தார். பூண்டு. களமே சிரித்தது. அவரும் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. மறுநாள் ரயில் சிக்னலை வைத்து அவரே ஒரு விடுகதை கட்டிக்கொண்டு வந்தார். ஒருவருக்கும் விடை தெரியவில்லை. ரயிலையே பார்த்திராத இரண்டு பேர், இதெல்லாம் செல்லாது என்று சண்டைக்கு வந்தார்கள்.

எல்லா நாளும் இப்படியே போகவில்லை. ஒருநாள் நாற்காலியை எங்கேயோ வைத்துவிட்டார். எங்கே என்று தெரியவில்லை. களத்தில் கேட்டார், படிக்கட்டில் தேடினார், கடைசியில் சூசையின் கடைக்குப் போனார். துணி கொடுக்க வந்த ஒருவர் அதில் வசதியாகச் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தில்லைநாயகம் நாற்காலியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு மடத்துக்கு வந்தார்.

"பாத்தீங்களாம்மா? நாற்காலியை வச்ச இடம் மறந்துபோச்சு. நான் சொன்னேனே."

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"யார் தேடுனது?"

"நான்தான்."

"அப்படியா" என்றார் வடிவம்மை. மோர் கடைவதை நிறுத்தவில்லை.

பொங்கல் வந்தது. களத்துப் பெண்கள் மடத்துக்கு ஒரு தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல் அனுப்பினார்கள். தில்லைநாயகம் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாருக்கும் கொடுக்காமல் பாதி தின்றார். இனிப்பைக் குறைக்கச் சொல்லலாமா என்று மாசிலாமணி கேட்டதற்கு, இன்று ஒருநாள் விடு என்றார் வடிவம்மை.

மறுநாள் விடிந்தபோது மலையே தெரியவில்லை. மூடுபனி வாசல்வரை வந்து நின்றது. தூறலும் இருந்தது. காலை பத்து மணி வாக்கில் கார் வந்து நின்றது. மகன் குமரகுரு இறங்கி வடிவம்மையிடம் கேட்டான்.

"அப்பா தயாராம்மா?"

மாசிலாமணி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். கம்பளி மடித்து வைத்திருந்தது. ஆள் இல்லை. நாற்காலி வாசலிலேயே இருந்தது. வெயில் இல்லாததால் அதை எடுத்துப் போகவில்லை போலும்.

"நாற்காலி இல்லாம எங்கயும் போகமாட்டாரே" என்றார் மாசிலாமணி.

குமரகுருவின் பெரியப்பா ஒருநாள் இப்படித்தான் சொல்லாமல் வெளியே போய், பஸ் ஸ்டாண்டில் கிடைத்தார். இங்கே பஸ் ஸ்டாண்டு இல்லை, பள்ளத்தாக்குதான் இருக்கிறது. அவன் பனிக்குள் ஓடினான். மாசிலாமணி குடையை விரிக்காமலே கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

கோயில் படிக்கட்டில் யாரும் இல்லை. சூசையின் கடை திறந்திருந்தது.

"இன்னிக்கு இங்க வரலியே" என்றார் சூசை. அவரும் மிஷினை விட்டு எழுந்து வந்தார்.

மூன்று பேருமாகக் களத்துக்குப் போனார்கள். களம் ஈரமாக, வெறிச்சென்று இருந்தது. பக்கத்துத் தகரக் கொட்டகைக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம் வந்தது. குமரகுரு எட்டிப் பார்த்தான். ஒரு பூண்டு மலைக்கு இந்தப் பக்கம் பவுனுத்தாய், அந்தப் பக்கம் அவனுடைய அப்பா. தோளில் சாக்கு, குல்லாயெல்லாம் பூண்டுத் தோல்.

"இது பெருசு."

"நடுவாந்தரம்."

"கண்ணாடி போட்டு வாம்மா. இது பெருசு."

பவுனுத்தாய் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரிய கூடையில் போட்டார்.

குமரகுரு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் தில்லைநாயகம் அவனைப் பார்த்தார்.

"வாடா. எப்ப வந்த? பொங்கலுக்கு நீ வருவேன்னு பாத்தேன்."

"அப்பா, இன்னிக்கு உங்களைக் கூட்டிட்டுப் போறதா..."

தில்லைநாயகத்தின் கை நின்றது. முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. எழுந்து, சாக்கை மடித்து வைத்துவிட்டு மடத்துக்கு நடந்தார். மகன் பின்னால் வந்தான்.

வடிவம்மை வாசலில் நின்றிருந்தார். அவருடைய தலையும் தோளும் பனியில் நனைந்திருந்தன. அவரும் தேடப் போய்விட்டுத்தான் வந்திருக்கிறார்.

"அம்மா, பாத்தீங்கல்ல" என்றார் தில்லைநாயகம். "எல்லாரையும் அலைய விட்டுட்டேன். கிளம்புற நாளையே மறந்துட்டேன். இனிமேலும் நான் இங்க இருக்கலாமா?"

"வெயிலே இல்லியே. எதுக்குப் போனீங்க?"

"லாரி வருதும்மா."

"என்ன லாரி?"

"பூண்டு ஏத்தற லாரி. பண்டிகைக்கு ரெண்டு பொண்ணுங்க ஊருக்குப் போயிட்டாங்க, ஆள் கொறையுது. இன்னிக்கு வெள்ளனமே வரேன்னு போன வாரமே பவுனுத்தாய்கிட்ட வாக்கு குடுத்திருந்தேன்."

"போன வாரம் சொன்னது."

"ஆமாம்மா."

"அது ஞாபகம் இருந்துச்சு."

"இருந்துச்சு."

"கிளம்புறது ஞாபகம் இல்ல."

"இல்லம்மா."

வடிவம்மை அவர் குல்லாயில் ஒட்டியிருந்த பூண்டுத் தோலை எடுத்துப் போட்டார்.

"இந்த ரெண்டுல எதை மறந்திருந்தா நீங்க கிளம்பணும் ஐயா?"

தில்லைநாயகம் குல்லாயை இழுத்து விட்டுக்கொண்டார். "லாரி வர்ற நேரம்டா" என்று மகனிடம் சொல்லிவிட்டுக் களத்தின் பக்கம் திரும்பி நடந்தார்.